ராகு காலத்தில் அணையும் ஊர்

நடனசபாபதிக்கு ராகு காலத்தில் எதுவும் ஓடக் கூடாது, அதனால்தான் எங்கள் ஊர் அணைந்தது. வேறு காரணம் எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி பேசுகிறவர்கள் பிறகு நிறையப் பேர் வந்தார்கள், அவர்களில் ஒருவரையும் நான் நம்பவில்லை.

செங்கொல்லையில் பால்வாடிக்கு எதிரே அவருடைய கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கட்டைவிரல் வைக்கிற சின்னக் கண்ணாடி ஒன்று, தினசரிக் காலண்டர் இரண்டு. முதியோர் பென்ஷன், ரேஷன் அட்டை, பயிர்க் காப்பீடு, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் உதவித்தொகை என்று எதற்கென்றாலும் ஊர் அங்கேதான் வந்து விரலை வைத்தது. நான் பதினொன்றாம் வகுப்பின் நடுவில் நின்றவள். பலா மரத்தில் ஏறிக் காயைக் கயிறு கட்டி இறக்குகிற என் அப்பா கொளஞ்சி, உச்சிக் கிளையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல் போனதால் நின்றேன். படிப்பு அவ்வளவு பிடித்திருந்தது, அது போய்விட்டது என்று அழுகிற ஆளில்லை நான். கிட்டத்தட்ட இரண்டு வருஷம் அம்மாவோடு முந்திரி ஷெட்டில் கொட்டை உடைத்தேன். அப்புறம் எனக்கு டைப் அடிக்க வரும் என்று தெரிந்து நடனசபாபதி கூப்பிட்டார், போனேன்.

அவருடைய மூத்த பெண்ணின் சம்பந்தம் முறிந்ததற்குக் காரணம், ஒரு வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்கு மாப்பிள்ளை வீட்டுக்கு அவர் அனுப்பிய ஜாதக மெயில்தான் என்பது அவர் முடிவு. அன்றிலிருந்து ராகு காலத்தில் கம்ப்யூட்டரை நிறுத்திவிட வேண்டும் என்று நினைப்பார், கூட்டம் இருந்தால் மறந்துவிடுவார், மறந்த நாளெல்லாம் சாப்பிடமாட்டார். கடைசியில் ஒருநாள், மனுஷன் மறப்பான், மெஷின் மறக்காது, நீயே நேரம் வைத்துவிடு, அதுவாக அணையட்டும் என்று என்னிடம் சொன்னார். நான் வைத்தேன். திங்கள் ஏழரை, செவ்வாய் மூன்று, புதன் பன்னிரண்டு, வியாழன் ஒன்றரை, வெள்ளி பத்தரை, சனி ஒன்பது, ஞாயிறு நாலரை. ஏழு நாளுக்கு ஏழு வரி. அறுபது விநாடிக்கு முன்னால் திரையில் ஒரு பெட்டி வந்து, இதோ அணையப் போகிறேன் என்று சொல்லும், பிறகு அணையும். அணைவதற்குத்தான் நேரம் வைக்க முடியும். எழுவதற்கு அந்தப் பழைய மெஷினில் நேரம் வைக்க முடியாது. யாராவது ஒருத்தர் வந்து வட்டப் பட்டனை அமுக்க வேண்டும். அவரிடம் சொன்னேன். நீதான் இருக்கியே என்றார்.

முதல் நாள் புதன்கிழமை, ஆடி மாதம். பன்னிரண்டுக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது பெட்டி வந்தது. அறுபது, ஐம்பத்தொன்பது என்று எண் இறங்கிக்கொண்டிருந்தபோது வெளியே தெருவில் சைக்கிளில் போனவர்கள் இறங்கி ஸ்டாண்டு போட்டார்கள், டீக்கடைப் பரிமளா அக்கா அடுப்பைத் தணித்தாள், குடத்தோடு வந்தவர்கள் குடத்தை இறக்கி வைத்தார்கள், பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சைப் பாதியில் விட்டு உட்கார இடம் தேடினார்கள், அவர்களுக்கும் அந்த அறுபது விநாடி கொடுக்கப்பட்டிருந்தது போல ஒருவர்கூட அவசரப்படவில்லை, ஒருவர்கூட விழவில்லை. மெஷினின் காற்றாடிச் சத்தம் நின்றது. காலண்டர் தாளைக் கையில் பிடித்தபடி நடனசபாபதி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினார். மூச்சு இல்லை. கையைத் தொட்டேன், சூடும் இல்லை, சில்லென்றும் இல்லை, நிழலில் வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது.

வீட்டுக்கு ஓடினேன். இரண்டு வருஷமாக எங்கள் வீட்டை எங்கே இருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம், அப்பாவின் முனகல் தெருமுனை வரை கேட்கும். அன்று கேட்கவில்லை. அம்மாவும் ஷெட்டிலிருந்து சாம்பல் கையோடு ஓடி வந்திருந்தாள். செத்துட்டாரா என்று கேட்டாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். பலாவில் ஏறிக்கொண்டிருந்த காலத்து முகம், நெற்றியில் ஒரு சுருக்கம் இல்லை.

"இல்லம்மா. அணைஞ்சிருக்காரு" என்றேன்.

அந்த வார்த்தைதான் பிறகு ஊருக்கே வார்த்தையானது. ஒன்றரை மணிக்கு நான் போய்ப் பட்டனை அமுக்கினேன், புத்திசாலித்தனத்தால் அல்ல, ஒன்றரைக்குத் திரும்ப ஓட வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்ததால். மெஷின் உறுமியது, ஊர் எழுந்தது, பாதியில் விட்ட பேச்சை விட்ட இடத்திலிருந்து பேசியது. நடனசபாபதி தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டார். என் வீட்டுப் பக்கமிருந்து முனகல் வந்தது.

மூன்றாம் நாள் யார் அணைகிறார்கள், யார் அணைவதில்லை என்பது புரிந்துபோயிற்று. அந்தக் கண்ணாடியில் விரல் வைத்து மெஷினுக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் அணைந்தார்கள், எங்கே இருந்தாலும் அணைந்தார்கள். பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் நின்ற எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் அங்கேயே தூணில் சாய்ந்து உட்கார, குடிகாரர்கள் என்று நினைத்து யாரோ அவர்கள் முகத்தில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். அணையாதவர்கள், விரல் வைக்காத ஐந்து வயதுக்கு உட்பட்ட நாற்பத்தொரு குழந்தைகளும், முந்திரி உடைக்கிற ஒன்பது பெண்களும், நானும். முந்திரி ஓட்டிலிருந்து வடிகிற எண்ணெய் தோலைத் தின்றுவிடும். எவ்வளவு சாம்பல் பூசிக்கொண்டு உடைத்தாலும் நாளடைவில் விரல் நுனியில் கோடு இருக்காது, வழித்த சட்டி மாதிரி ஆகிவிடும். எங்களில் யாருடைய விரலையும் அந்தக் கண்ணாடி ஏற்றுக்கொண்டதில்லை.

ஊர் இதற்குப் பழகியதைத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பயந்த மாதிரி யாரும் பயப்படவில்லை. ஒரு வாரம் பேசினார்கள், இரண்டாவது வாரம் வசதி பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் மணி மாற்றினார்கள். புதன்கிழமை சோறு பதினொன்றரைக்கே பொங்கிற்று, திங்கட்கிழமை முந்திரிக் கொல்லைக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஒன்பதுக்கு மேல் போனார்கள், டவுன் பஸ் டிரைவர் அய்யனார் கோயில் திருப்பத்திலேயே வண்டியை நிறுத்தி நேரம் முடியும் வரை பீடி குடித்தார். கல்யாணமாகி வந்த பெண்களை முதல் வாரத்திலேயே மாமியார்கள் கூட்டிவந்து விரல் வைக்க வைத்தார்கள், இல்லாவிட்டால் வீட்டில் எல்லாரும் அணைந்திருக்கும்போது இவள் மட்டும் முழித்துக்கொண்டு பானை பானையாகத் திறந்து பார்ப்பாள் என்று. சண்டை போடுகிறவர்கள் ராகு காலத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் ஆரம்பித்தார்கள், கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்கும் என்று. அணைகிற நேரத்துக்கு எது நல்ல இடம் என்று கண்டுபிடித்து, வேப்ப மரத்தடியில் ஆளுக்கொரு துண்டு போட்டு இடம் பிடித்தார்கள்.

ஏனென்றால் அது அவர்களுக்குப் பிடித்திருந்தது. அதை யாரும் வெளியே சொல்லவில்லை, ஆனால் பெட்டி வருகிற நேரம் நெருங்க நெருங்க ஊர் முகத்தில் ஒரு ஆசை வரும். தூக்கம் என்றால் கனவு வரும், எழுந்தால் கனவில் பார்த்ததற்கும் சேர்த்து அழ வேண்டும். இதில் ஒன்றுமே இல்லையாம். பிள்ளை செத்தவளுக்குப் பிள்ளை செத்தது இல்லை, மழை பொய்த்தவனுக்கு மழை பொய்த்தது இல்லை, ஒன்றரை மணி நேரம் எதுவுமே நடந்திருக்காது. எமகண்டத்தையும் சேர்த்து வை என்று ஊரே கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொண்டுவந்தார்கள். நான் மாட்டேன் என்றேன். ஒருநாள் ஷட்டவுனுக்குப் பதிலாக ரீஸ்டார்ட் வைத்துப் பார்த்தேன், எழுப்புகிற வேலையாவது எனக்கு மிச்சமாகட்டும் என்று. மெஷின் அணைந்த கையோடு எழுந்துகொண்டது, ஊர் கண்ணை மூடித் திறந்தது, அவ்வளவுதான். அன்று தெருவில் நடந்தபோது பந்தியில் இலையைப் பாதியில் உருவினவளைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்த்தார்கள். மறுநாள் பழையபடி மாற்றினேன்.

அந்த ஒன்றரை மணி நேரம் எங்களுக்கு எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஒன்பது பெண்களும் நானும் வீடு வீடாகப் போய் மறந்துபோன அடுப்பை அணைத்தோம், வெயிலில் உட்கார்ந்தவர்களை நிழலுக்கு இழுத்தோம், முகத்தில் மொய்க்கிற ஈயை ஓட்டினோம், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினோம், நாற்பத்தொரு குழந்தைகளையும் பால்வாடிக்குள் சேர்த்துக் கதவைச் சாத்தி அழுகிறதைத் தூக்கி, தூக்கியதை இறக்கி, இறக்கியதைக் கழுவி முடிப்பதற்குள் மணி ஆகிவிடும். ஊர் எழுந்து, முகம் தெளிந்து, ஒரு கொட்டாவிகூட விடாமல் தன் வேலையைப் பார்க்கும். அந்த ஒன்பது பேரும் திரும்ப ஷெட்டுக்குப் போய் விட்ட மூட்டையைப் பிரிக்க வேண்டும். ஒருநாள் ஒரு பெண் அணைந்திருந்த தன் புருஷனைப் பார்த்து, இவன் என்ன புண்ணியம் பண்ணினான் என்று சத்தமாகக் கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் அவள் ஷெட்டுக்கு வரவில்லை. வேர்க்கடலை பறிக்கப் போனாள். இரண்டு மாதத்தில் அவள் விரலில் கோடு திரும்ப முளைத்தது, கண்ணாடி ஏற்றுக்கொண்டது. அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் அக்கா தங்கை இரண்டு பேர் சேர்ந்து. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஐப்பசி பிறக்கிறபோது ஒன்பது பேரில் மிஞ்சியது என் அம்மா அஞ்சலாட்சி மட்டும்.

அம்மா ராகு காலத்தில் வீட்டுக்கு வந்து அப்பாவின் கட்டில் பக்கத்தில் உட்காருவாள். அவரைப் புரட்டிப் புண்ணுக்கு மருந்து போட அதுதான் நேரம், அப்போதுதான் அவர் கத்தமாட்டார். மருந்து போட்டு முடித்த பிறகும் எழுந்திருக்கமாட்டாள், முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு அவளும் ஷெட்டை விட்டாள். தேங்காய் எண்ணெயை விரலில் தடவிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். நீயுமா என்று கேட்டேன்.

"இந்த மனுஷன் தெனமும் எங்கியோ போயிட்டு வராரு. எங்கன்னு ஒரு தடவ பாத்துட்டு வரேன்" என்றாள்.

கார்த்திகையில் அவள் விரலைக் கண்ணாடி ஏற்றுக்கொண்டது. அன்று வியாழன். அப்பாவின் கட்டிலுக்குக் கீழே பாயில் படுத்து அணைந்தாள். மூன்று மணிக்குப் பட்டனை அமுக்கிவிட்டு ஓடி வந்து, எங்கம்மா போன என்று கேட்டேன். பாயைச் சுருட்டினாள். ஒண்ணுமில்ல என்றாள். அப்புறம், ஒண்ணுமே இல்லடி என்று மறுபடி சொன்னாள், பொங்கலுக்குப் புடவை எடுத்துக் கொடுத்த மாதிரி.

என் விரலிலும் கோடு வந்திருந்தது. நான் கண்ணாடி பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. ஆசை இல்லை என்று சொன்னால் பொய். நானும் போய்விட்டால் பட்டனை யார் அமுக்குவது?

அதற்கப்புறம் நான் மட்டும்தான். குழந்தைகளைப் பெட்டி வருவதற்கு முன்னால் அவரவர் அம்மாக்களே பால்வாடியில் விட்டுவிட்டுப் போவார்கள், நான் தாழ்ப்பாள் போட்டு உள்ளே இருப்பேன், நேரம் முடிந்ததும் எதிரே போய்ப் பட்டனை அமுக்குவேன். தெருவில் அறுநூறு பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருக்க, காக்கை மட்டும் நடக்கும். பேசுவதற்கு ஆள் இல்லாமல் நான் மூன்று வயசுப் பிள்ளைகளோடு அரசியல் பேசினேன்.

ஒரு திங்கட்கிழமை, மாத்திரை வேலை செய்கிற கொஞ்ச நேரத்தில், அப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"நாளைக்கு ஏத்தாத பாப்பா" என்றார்.

எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி, எதை என்றேன்.

"பட்டன. அமுக்காத. அப்பிடியே வுட்டுடு."

"ஊரு?"

"ஊருக்கு என்னா. ஏந்துரிச்சி என்னா கிழிக்கப் போறானுங்க."

அவர் பெயரை மட்டும் தனியாக அணைக்க வழி இருந்தால் செய்திருப்பேன். இல்லை. பதிந்த பெயரை எடுக்கவும் வழி இல்லை. விரல் கோடு அழிந்து மெஷினுக்கு ஆளை மறந்துபோனால்தான் உண்டு, அப்படி மறந்துபோனாலும் அவருக்கு ஒன்றரை மணி நேர நிம்மதியும் போகும், நாள் முழுக்க முனகல்தான். ஊரோடுதான் அவர் அணைய முடியும். இதையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். ஒரு பொழுதாவது குடு, சாயங்காலம் வரைக்கும் குடு, போதும் என்றார். மரத்தில் நின்று கீழே இருப்பவனிடம் கயிறு கேட்கிற மாதிரிக் கேட்டார். சரி என்றேன்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு ஊர் அணைந்தது. நாலரைக்கு நான் அமுக்கவில்லை. நாலரை தாண்டி மெஷின் சும்மா இருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மனசுக்குள் திருட்டுத்தனமாக ஒரு சந்தோஷம் வந்தது. ஐந்து மணிக்கு மேல் அப்பா எப்படி இருக்கிறார் என்று பார்க்க ஆசை வந்தது. கூடுதல் நேரத்தில் அந்த முகம் இன்னும் தெளிந்திருக்குமா என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. பால்வாடிக் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன். தாழ்ப்பாள் போட்டதாக நினைத்தேன். போடவில்லை.

அப்பாவும் அம்மாவும் அப்படியே இருந்தார்கள். நான் நடுவில் தரையில் உட்கார்ந்தேன். வெயில் ஜன்னல் கம்பியை விட்டு இறங்கியது. ஆடுகள் மேய்ப்பவன் இல்லாமல் தாமாக வந்து தத்தம் வீட்டு வாசலில் நின்று கத்தின. கறக்காத மாடுகள் கத்தின. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது, திரும்ப வந்தபோது பால்வாடிக் கதவு திறந்திருந்தது, எண்ணினால் நாற்பதுதான் இருந்தது.

இல்லாதது பரிமளா அக்காவின் மகன் மிதுன், மூன்று வயது. கடையில் பார்த்தேன், பரிமளா அக்கா கல்லாப்பெட்டி மேல் கையை வைத்து அணைந்திருந்தாள், அவள் முந்தானையில் பிஞ்சுக் கையின் சேறு அப்பியிருந்தது. பையன் வந்து இழுத்துப் பார்த்திருக்கிறான். எழுந்திருக்கவில்லை. போய்விட்டான். சேறு வந்த திக்கில் ஓடினேன். குளத்துப் படியில், கழுத்தளவுத் தண்ணீரில், படித்துறைக் கல்லின் இரும்பு வளையத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். அழவில்லை. அழுது முடித்திருந்தான். அவன் விரல்களை அந்த வளையத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்து பட்டனை அமுக்கினேன். மணி ஐந்தே முக்கால்.

ஊர் எழுந்து வானத்தைப் பார்த்தது. வெயில் எங்கே போயிற்று என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன், அப்பா கேட்டது, நான் கொடுத்தது, தாழ்ப்பாள், குளம், எதையும் மறைக்கவில்லை. பரிமளா அக்கா பையனை வாங்கிக்கொண்டு என் கன்னத்தில் ஒன்று வைத்தாள். வாங்கிக்கொண்டேன். மற்றவர்கள் என்னைத் திட்டினார்கள், திட்டி முடித்த பிறகு, நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குத்தானே என்று கேட்டார்கள்.

வீட்டுக்குப் போனேன். அப்பா மணி என்ன என்று கேட்டார், சொன்னேன். மனசுக்குள் கணக்குப் போட்டு, ஒண்ணே கால் மணி நேரம் கூட என்றார். ஏன் ஏத்துன என்று அதன் பிறகுதான் கேட்டார். பையனைப் பற்றிச் சொன்னேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்றைக்கே ஏழு வரியையும் அழித்தேன்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு ஊர் வேப்ப மரத்தடியில் துண்டு போட்டு உட்கார்ந்து காத்திருந்தது, பன்னிரண்டு தாண்டியது, ஒருவர் கண்ணும் மூடவில்லை. எல்லாரும் சென்டருக்கு வந்தார்கள். நான் ஒன்றுதான் சொன்னேன். பிள்ளைகளோடு ஒருத்தர் இருக்க வேண்டும், பட்டனோடு ஒருத்தர் இருக்க வேண்டும், நான் ஒருத்தியாக இனிமேல் முடியாது. உங்களில் ஒரே ஒரு ஆள் ஷெட்டுக்கு வந்து கொட்டை உடைத்து விரலை அழித்துக்கொண்டு என்னோடு முழித்திருங்கள், அன்றைக்கே நேரம் வைக்கிறேன். அறுநூறு பேர் இருந்தார்கள். ஒருவர் இன்னொருவர் முகத்தைப் பார்த்தார்கள். நடனசபாபதி காலண்டரைப் பார்த்தார். கொஞ்ச நாள் கழித்து வெளியூரிலிருந்து கூலிக்கு ஒரு ஆளைப் பேசிக் கூட்டிவந்தார்கள். அவன் வந்ததால் ஒரே ஒருநாள் வைத்தேன். தெரு முழுக்க மூச்சில்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, செருப்பைக்கூட எடுக்காமல் கடம்புலியூர்ச் சாலை வரை ஓடினான். அவ்வளவுதான்.

ஊர் அப்புறம் பழைய ஊராக ஆகவில்லை. எல்லாம் நடந்தது, ஆனால் எல்லாரும் எதையோ சுமந்துகொண்டு நிற்கிற மாதிரி நின்றார்கள். ராகு காலம் வந்தால் வேலையைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்து கண்ணை இறுக்கி மூடிப் பார்த்தார்கள். இமைக்குப் பின்னால் எல்லாம் இருந்தது. பிள்ளை செத்தவள் திரும்ப அழ ஆரம்பித்தாள், விட்ட இடத்திலிருந்து.

அப்பா துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார், சென்டரில் எனக்குக் கேட்கக் கூடாது என்று. கேட்காததுதான் கேட்டது. ஒருநாள் மத்தியானம் சோறு ஊட்டும்போது துண்டை எடுத்துவிட்டு, திரும்பக் குடுப்பியா என்றார். மாட்டேம்பா என்றேன். தலையை ஆட்டிவிட்டுத் துண்டைத் திரும்ப வைத்துக்கொண்டார்.

அம்மா மறுநாள் ஷெட்டுக்குப் போனாள்.

எதற்குப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். அறுநூறு பேரில் ஒரு ஆள் கேட்டேன், வந்த ஆள் அவள். எண்ணெய் போட்டு மெதுவாக்கிய கை, புதுத் தோல். முன்னால் உடைத்தபோது காய்ப்பு இருந்தது, இப்போது எண்ணெய் நேராகச் சதையில் இறங்கிற்று. முதல் வாரமே கொப்புளம். சாம்பல் பூசிக்கொள்ளம்மா என்றேன், சாம்பல் பூசினால் நாளாகும் என்றாள். சாயங்காலம் தினமும் சென்டருக்கு வந்து கட்டைவிரலைத் துடைத்துக் கண்ணாடியில் வைப்பாள். பச்சை விளக்கு எரியும். அஞ்சலாட்சி, கணவர் பெயர் கொளஞ்சி என்று திரையில் வரும். விரலைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போவாள். மறுநாள் இன்னொரு மூட்டை கூடுதலாக வாங்கிக்கொள்வாள்.

மார்கழி போயிற்று. பச்சை விளக்கு எரிந்தது. பொங்கல் போயிற்று. சில நாள் கண்ணாடி தயங்கும், இன்னொரு முறை வைக்கச் சொல்லும், இரண்டாவது முறை அவளைக் கண்டுபிடித்துவிடும். அந்த மெஷின் ஒரு மனுஷியை அவ்வளவு சுலபத்தில் மறக்காது. இன்னும் எத்தனை நாள் என்று அப்பா அம்மாவிடம் கேட்பாராம், என்னிடம் கேட்கமாட்டார். வந்துடும், வந்துடும் என்பாளாம். நான் நடுவில் மனசு மாறி, போகட்டும், ஒருத்தியாகவே வைத்துவிடுகிறேன் என்று இரண்டு தடவை அந்த வரியை டைப் அடித்தேன். இரண்டு தடவையும் படித்துறை வளையம் கண்ணில் வந்தது. அழித்தேன். நல்லவள் என்பதால் அழித்தேன் என்று எழுதிக்கொள்ளலாம், பயம்தான்.

அப்பா தை மாதம் கடைசி வெள்ளிக்கிழமை செத்தார். பகல் பதினொன்றேகால் இருக்கும். துண்டு வாயிலேயே இருந்தது. நேரம் வைத்திருந்தால் அப்போது அவர் அணைந்திருப்பார். அணைந்திருந்தால் சாவு அவரை எப்படித் தேடியிருக்கும், உட்கார்ந்திருந்த அறுநூறு பேரில் எது பிணம் என்று அதற்குத் தெரிந்திருக்குமா, பன்னிரண்டு வரை காத்திருக்குமா என்றெல்லாம் யோசித்துவிட்டேன். பிரயோஜனமில்லை. தூக்கிக்கொண்டு போனார்கள். ஊரில் எல்லாரும் வந்தார்கள், நன்றாகவே அழுதார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. மறுநாளே அம்மா ஷெட்டுக்குப் போனாள். நான் தடுக்கவில்லை, வீட்டில் இருந்து மட்டும் என்ன செய்யப் போகிறாள். சாயங்காலம் வழக்கம்போல சென்டருக்கு வந்தாள். நடனசபாபதி எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். அம்மா கட்டைவிரலைப் புடவையில் துடைத்து, கண்ணாடியில் வைத்து அழுத்தினாள். சிவப்பு எரிந்தது. திரும்ப வைத்தாள், சிவப்பு. மற்றக் கையை வைத்தாள், சிவப்பு. பத்து விரலையும் வைத்தாள். இந்த ஆள் யாரென்று தெரியவில்லை என்று திரையில் வந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது, என்ன போட்டிருக்கிறது என்று கேட்டாள், படித்துச் சொன்னேன்.

மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து பார்த்தேன். ஸ்டூலை இழுத்துப் பட்டனுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"ம். வந்துடுச்சி. இப்ப நேரத்த வைடி" என்றாள்.

கீபோர்டு மேல் என் கை இருந்தது. வெளியே தெருவில் செய்தி எப்படியோ போய், ஒவ்வொருவராக வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்க ஆரம்பித்திருந்தார்கள்.

"யாருக்கும்மா?" என்றேன்.

அம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தாள், கண் முனகல் கேட்காத வீட்டுப் பக்கம் போயிற்று.